இரும்பு இல்லாத உப்பு

எனக்குத் தலசீமியா. ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோதிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடுத்தவர் ரத்தத்தை ஏற்றித்தான் இந்த உடம்பு ஓடுகிறது. இதைச் சொன்னதும் சிலர் "ஐயோ பாவம்" என்பார்கள். சிலர் "பீட்ரூட் சாப்பிடலாமே" என்பார்கள். பாவம் சொல்கிறவர்களைக்கூட விட்டுவிடுவேன். பீட்ரூட் சொல்கிறவர்களை அறையலாம் போல இருக்கும். என் உடம்பில் ரத்தம் ஊறாததற்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை. அப்பாவும் அம்மாவும் ஆளுக்குப் பாதியாகக் கொடுத்த கோளாறு அது. அப்பா அதைக் கொடுத்துவிட்டு வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். ஏற்றுகிற ஒவ்வொரு பாட்டிலோடும் இரும்பு உள்ளே வருகிறது. வெளியே போக அதற்கு வழி கிடையாது. ஈரல், இதயம், சுரப்பிகள் என்று கிடைத்த இடத்தில் படிகிறது. அதை இறக்க தினமும் ஒரு மாத்திரை. பேரீச்சம்பழ டப்பாவோடு நலம் விசாரிக்க வருகிறவர்கள் எனக்கு இன்னும் கொஞ்சம் துருவைக் கொண்டுவருகிறார்கள், அவ்வளவுதான்.

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர்க் கட்டு செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தபோது நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. சேருவதற்கு முன் ரத்தம், உயரம், கண் எல்லாம் பார்ப்பார்கள். நான் ரத்தம் ஏற்றிக்கொண்ட மறுநாள் போய் நின்றேன். ரத்த அளவு சரியாகத்தான் இருந்தது. உயரம்தான் குறைவு. காண்ட்ராக்டர் ஆள் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பலக போட்டு நிக்க வெச்சிக்கலாம்" என்று எழுதிக்கொண்டான். அப்படித்தான் ஒரு மரப்பலகை மேல் நின்று வேலை செய்தேன். ரத்தம் ஏற்றப் போகிற நாட்களுக்குக் கல்யாணம், சாவு என்று லீவு சொன்னேன். அந்த ஒரு வருடத்தில் என் சொந்தக்காரர்களில் பாதிப் பேரைக் கொன்றிருக்கிறேன்.

வேலை வருட ஒப்பந்தம். வருடம் முடிந்ததும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் புதுப்பிப்பார்கள், இல்லையென்றால் அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். எனக்கு அந்த அட்டை வேண்டும். மண்ணூரில் நாங்கள் இருக்கும் வரிசை வீடுகளில் சின்ன வயதிலிருந்து நான் 'ரத்தம் ஏத்துற பொண்ணு'. கம்பெனி பஸ்ஸில் ஏறியதிலிருந்துதான் 'வேலைக்குப் போற பொண்ணு' ஆனேன். அட்டையைப் பிடுங்கிவிட்டால் மறுபடியும் பழைய பெயர். அதற்குச் செத்துவிடலாம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஒன்பதாவது மாதம் உடம்பு ஏமாற்ற ஆரம்பித்தது. கத்திரி வெயிலில் எல்லாரும் வியர்த்து வழிய, எனக்கு மட்டும் குளிர். குரல் கட்டைக் குரலாகிப்போனது. முடி கொத்தாக வந்தது. சாப்பாடு இறங்கவே இல்லை, ஆனால் முகமும் கணுக்காலும் உப்பின. பஸ்ஸில் உட்கார்ந்தால் தூங்கிப்போய் இரண்டு முறை ஊரைத் தாண்டி இறங்கினேன். ரத்தம் ஏற்றினால் சரியாகும் என்று பார்த்தேன். ஏற்றினேன். சரியாகவில்லை.

எங்கள் லைனில் ஒயர் கோக்கும் பலகைகள் நகர்ந்துகொண்டே இருக்கும். நம் முன்னால் பலகை வரும்போது நம் ஒயர்களைச் சொருகி, டேப் சுற்றி விட்டுவிட வேண்டும். முடிக்கவில்லை என்றால் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுக்க வேண்டும். லைன் நிற்கும். சிவப்பு விளக்கு எரியும். ஒரு பாட்டு மெட்டு ஒலிக்கும். யாரால் நின்றது என்று எல்லாருக்கும் தெரியட்டும் என்றுதான் அந்தப் பாட்டு. ஒரே வாரத்தில் என் இடத்தில் நான்கு முறை பாட்டு கேட்டது.

"இன்னாமா, உன் போர்டுல தெனிக்கும் கச்சேரி நடக்குது?" என்றார் சூப்பர்வைசர். இந்தப் பக்கத்து ஆள். கத்தவும் மாட்டார், விடவும் மாட்டார்.

"முடிச்சிடுறேன் சார்."

"நீ முடிக்கிறதுக்குள்ள என்னிய முடிச்சிடுவாங்க. நைட்ல தூங்காம போன் நோண்டிகினு கீறியா?"

பக்கத்து இடத்தில் இருந்த அக்கா தூத்துக்குடிப் பக்கம். கம்பெனி ஹாஸ்டலில் இருந்தாள். தன் பலகையை முடித்துவிட்டு எட்டி என் பலகையில் இரண்டு ஒயர் சொருகிக்கொண்டே, "தூங்குதாளா? அவ கண்ணு முழிச்சிக்கிட்டே தூங்குதா சார். உங்க மீட்டிங்ல நீங்க தூங்குத மாதிரி" என்றாள்.

லைனே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நோட்டில் என் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டார். புதுப்பிக்கும்போது பார்ப்பது அந்த நோட்டைத்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு நான் கேன்டீன் வரிசையில் நிற்க மாட்டேன். வீட்டிலிருந்து டப்பா. அதற்குக் காரணம் என் அம்மா. அம்மா பக்கத்துக் கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது ஆஸ்பத்திரியில் யாரோ அம்மாவிடம், "சாப்பாட்டுல இரும்பு கொறைங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா வீட்டுக்கு வந்து ஒவ்வொரு டப்பாவாகப் பார்த்திருக்கிறாள். ரேஷன் உப்புப் பாக்கெட்டில் இரும்புச் சத்தும் அயோடினும் சேர்த்தது என்று போட்டிருந்தது. இரும்பு என்ற எழுத்தைப் பார்த்ததும் அந்தப் பாக்கெட்டைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினாள். அதோடு விடவில்லை. பாக்கெட் உப்பு என்றாலே இரும்பு என்று முடிவு கட்டிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில், மூன்று சக்கர வண்டியில் மூட்டையோடு வரும் உப்புக்காரரிடம் படியால் அளந்து வாங்கும் கல்லுப்புதான்.

கல்யாணத்துக்குப் போனாலும் எனக்குத் தனி டப்பா. பந்தியில் உட்கார்ந்து, இலையைப் போடாமல், எவர்சில்வர் டப்பாவைத் திறந்து தயிர்சாதம் தின்கிற பெண்ணை எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தவர்கள் வீட்டில் ரசம் வைத்தால்கூட, உப்புப் போடும் முன் எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைக்கச் சொல்லி, அம்மா தன் இடுப்பு முடிச்சிலிருந்து நாலு கல் எடுத்துப் போடுவாள். ஒன்பது வருடம் இப்படி. இருப்பதிலேயே கண்டிப்பான தலசீமியா அம்மா தான்தான் என்று அவளுக்கு ஒரு பெருமையும் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தூத்துக்குடி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அடுப்பு மேடையில் இருந்த உப்புச் சாடியைத் திறந்து ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். அவள் அப்பா உப்பளத்தில் கூலி. உப்பைப் பற்றி அவளிடம் யாரும் பேசி ஜெயிக்க முடியாது.

"யத்தே, இதையா சாப்பிடுதிய?"

"ஏன், இதுக்கு இன்னா? மருந்து கிருந்து எதுவும் போடாத நல்ல உப்பு."

"எங்கூர்ல இத மாட்டுக்கு வைப்பாவ. கருவாட்டுக்குப் போடுவாவ. மனுசருக்குப் போற உப்புக்கு அயோடின் தெளிச்சுத்தான் மூட்ட கட்டுவாவ. எங்கப்பாவே தெளிச்சிருக்காவ."

"அதுல இரும்பு போடுறாங்க. எம் பொண்ணுக்கு ஆவாது."

"அயோடின் மட்டும் போட்ட உப்பு தனியா வருது யத்தே. கடையில போயிப் பாருங்க. எல்லாத்துலயும் இரும்பு இல்ல."

"நீ இன்னா டாக்டரா?" என்றாள் அம்மா. "நான் பெத்த பொண்ணுக்கு இன்னா ஆவும், இன்னா ஆவாதுன்னு எனக்குத் தெரியும். டீ குடி, ஆறுது."

அக்கா டீயைக் குடித்தாள். போகும்போது வாசலில் என்னிடம், "உங்கம்மா சரியான ஆளுட்டீ. நம்ம சூப்பர்வைசர் வேலைக்குப் போடலாம்" என்றாள்.

அடுத்த வாரம் ரத்தம் ஏற்றப் போனபோது வார்டில் புதிதாக ஒரு டாக்டரம்மா. மற்றவர்கள் ரத்த அளவைப் பார்த்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போவார்கள். இவர் என் குரலைக் கேட்டதும் நின்றார். கழுத்தைத் தடவி எச்சில் விழுங்கச் சொன்னார். தோலைத் தேய்த்துப் பார்த்தார்.

"தைராய்டு டெஸ்ட் கடைசியா எப்ப எடுத்தே?"

எடுக்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை என்று சீட்டில் எழுதித்தான் தருகிறார்கள். அதற்கு இன்னொரு நாள் வர வேண்டும், வேலைக்குச் சேர்ந்த பிறகு இன்னொரு சொந்தக்காரரும் சாக வேண்டும். மூன்று வருடச் சீட்டுகளும் பையில் அப்படியே இருந்தன.

"மாத்திரை ஒழுங்கா போடுறியா?"

"போடுறேன் மேடம்."

"வீட்ல என்ன உப்பு?"

சொன்னேன். இரும்புக் கதையையும் சொன்னேன். அவர் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒரு பாட்டில் ரத்தத்துல வர்ற இரும்புக்கு முன்னாடி, உப்புல இருக்கிறது ஒண்ணுமே இல்லம்மா. இரும்பு வேணாம்னா அயோடின் மட்டும் இருக்கிற உப்பு வாங்கியிருக்கலாம். அதையும் நிறுத்திட்டீங்களே. அயோடின் இல்லாம தைராய்டு எப்படி வேலை செய்யும்?"

அன்று ரத்தம் ஏறுகிற நான்கு மணி நேரமும் எனக்குள் ஏறியது வேறு. கோபம் என்று சொன்னால் போதாது, சந்தோஷமும் இருந்தது. கடைசியில் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அந்தக் காரணத்துக்கு ஒரு முகமும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் உப்புச் சாடியைத் தூக்கி வாசலில் போட்டு உடைத்தேன்.

"நீதான் என்னக் கெடுத்த. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிஞ்சிட்டா டாக்டர்னு நெனப்பா? என்னக் குள்ளமாக்கி, மந்தமாக்கி, வேலையும் போவப் போவுது. சந்தோசமா?"

அம்மா கீழே உட்கார்ந்து சாடிச் சில்லுகளைப் பொறுக்கினாள். பக்கத்து வீட்டு ஆள் எட்டிப் பார்த்தான். "இன்னா பாக்கற? படம் ஓட்டறாங்களா?" என்று அவனிடம் கத்தினேன். அன்று மாலையே அம்மா கடைக்குப் போய், கடைக்காரரைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, அயோடின் மட்டும் போட்ட உப்பு வாங்கிவந்து வைத்தாள். அதற்கும் நான் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை. மூன்று வாரம் அவள் கையால் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே அவளைத் திட்டினேன்.

அடுத்த முறை அம்மாவும் கூட வந்தாள். போன முறை எடுத்த டெஸ்ட் முடிவுகள் வந்திருந்தன. தைராய்டு வேலை செய்யவில்லை என்பது உறுதி. டாக்டரம்மா அதற்கு மாத்திரை எழுதிவிட்டு இன்னொரு தாளை எடுத்தார். உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பின் அளவு. அதைப் பார்த்தவர் என்னைப் பார்த்தார்.

"நீ மாத்திரை போடல."

"போடுறேன்."

"பொய் சொல்லாதே. போட்டா இது இவ்வளவு இருக்காது. இந்த இரும்பு தைராய்டுலயும் படியும். உன் கழுத்தைக் கெடுத்ததுல உப்புக்கு எவ்வளவு பங்கு, இதுக்கு எவ்வளவு பங்குன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. அயோடின் அளவு பாக்குற டெஸ்ட் இங்க இல்ல. ஆனா என்னைக் கேட்டா, உப்பை விட இதுமேலதான் எனக்கு சந்தேகம்."

அம்மா என் பக்கமே திரும்பவில்லை. டாக்டரம்மாவின் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உண்மை இதுதான். வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதத்திலிருந்து நான் இரும்பு இறக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டேன். அதைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் சில மணி நேரத்தில் வயிற்றைக் கலக்கும். எங்கள் லைனில் முப்பது பேருக்கு ஒரே ஒரு டாய்லெட் கார்டு. ஆணியில் மாட்டியிருக்கும். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். ஒருத்தி போனால் அவள் வரும்வரை மற்றவள் அடக்கிக்கொள்ள வேண்டும். அவள் இடத்தில் நிற்க மாற்று ஆளும் வேண்டும். நான் ஒரே ஷிப்டில் ஐந்து முறை கார்டு எடுத்த நாளில் சூப்பர்வைசர், "இன்னாமா, அங்கயே ஒரு ஸ்டூல் போட்டுத் தரவா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றினாலும், மூன்று ஷிப்டு சுழல்கிறபோது ஏதாவது ஒரு வாரம் அது வேலைக்குள் வந்து விழும். ஆகவே நிறுத்தினேன். ஆஸ்பத்திரியில் கொடுப்பதை மாதாமாதம் வாங்கி, கட்டிலுக்கு அடியில் துணிப்பெட்டியில் போட்டேன். பெட்டி நிறைந்திருந்தது. இதையெல்லாம் அம்மா கேட்கத்தான் டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் சுங்கச்சாவடி தாண்டியதும் அம்மா குரலை உயர்த்தாமல் பேசினாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"ஒம்போது வருசம் இடுப்புல உப்பு முடிஞ்சிகினு அலஞ்சேன்டி. கண்ட பொம்பளைங்க கிட்டல்லாம் பேச்சு வாங்கினேன். ஒரு கல்லு இரும்பு உள்ள போயிடக் கூடாதுன்னு. நீ பொட்டி பொட்டியா உள்ள வுட்டுகினு, என்னப் போயி..."

"வேலைக்காகத்தான்மா..."

"வாய மூடு. சாடிய ஒடச்சியே, அப்ப உனுக்குத் தெரியும் இல்ல? தெரிஞ்சிகினேதான ஒடச்ச?"

தெரியும். டாக்டரம்மா உப்பைப் பற்றிப் பேசியபோதே, பெட்டி என் நினைவுக்கு வந்தது. வந்ததால்தான் அவ்வளவு கத்தினேன். அம்மாவிடம் மன்னிப்பு கேட்டேன் என்று எழுதலாம். கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. இறங்கியதும் தைராய்டு மாத்திரைச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு மருந்துக் கடைக்கு அவளே போனாள். வீட்டுக்கு வந்து துணிப்பெட்டியை நடுவீட்டில் இழுத்துப் போட்டு, தேதி முடிந்த மாத்திரை அட்டைகளை ஒருபக்கம், முடியாததை ஒருபக்கம் பிரித்தாள்.

ஒப்பந்தம் முடிய ஐந்து வாரம் இருந்தது. தைராய்டு மாத்திரை உடனே தூக்கிவிடாது, சில வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். இரும்பு இறக்கும் மாத்திரையும் ஆரம்பித்துவிட்டேன். அந்த வாரம் காலை ஷிப்டு. இரண்டாவது நாளே மூன்று முறை கார்டு எடுத்தேன். நான்காவது முறை போனபோது சூப்பர்வைசர் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இப்பதான் வந்த, அதுக்குள்ள திரும்பப் போறியே. வூட்ல இன்னா துன்ற?"

"மாத்திர சார். எனக்குத் தலசீமியா. மூணு வாரத்துக்கு ஒருவாட்டி ரத்தம் ஏத்துறேன். இரும்பு எறங்க மாத்திர போட்டா வயித்தால போவும். தைராய்டும் போயிடுச்சி, அதான் கை ஓடல. இன்னும் எதுனா தெரியணுமா? கார்டு குடுங்க."

லைனில் எல்லாருக்கும் கேட்டது. யாரோ "ச்சு" கொட்டினார்கள். அக்கா அந்தப் பக்கம் திரும்பி, "யாருட்டீ அது பல்லி மாதிரி? வேலயப் பாருங்க" என்றாள். சூப்பர்வைசர் கார்டைக் கொடுத்தார். நான் திரும்பி வந்தபோது என் இடத்தில் அவரே நின்று டேப் சுற்றிக்கொண்டிருந்தார். மோசமாகச் சுற்றியிருந்தார். நான் அவிழ்த்து மறுபடி சுற்றினேன்.

அன்றே மேலே சொல்லிவிட்டார். சொல்வது அவர் வேலை. ஐந்து வாரமும் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கொடுமை. குளிர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. கடைசி வாரத்தில் கயிற்றை ஒரே ஒரு முறைதான் இழுத்தேன். ஆனால் நோட்டில் பழைய கோடுகள் அப்படியேதான் இருந்தன.

கூப்பிட்ட அன்று காண்ட்ராக்டர் ஆபீஸில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். சூப்பர்வைசர் நோட்டோடு பக்கத்தில் நின்றார்.

"ஜாயின் பண்ணும்போது ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா எடுத்திருப்பீங்களா சார்?"

"அது வேற விஷயம்."

"அதான் சார் விஷயம்."

மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார். "லைன் நின்னதுல முக்காவாசி இதோட போர்டுதான் சார்" என்றார் அவர். எனக்கு அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. பிறகு நோட்டைப் புரட்டிவிட்டு, "ஆனா ஒயர் மாத்தி சொருகினது ஒண்ணுகூடக் கெடையாது. ஒரு வருசத்துல ஒண்ணுகூட" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

மேனேஜர் யோசித்தார். செக்கிங் டேபிளில் உட்கார்ந்து பார்க்கிற வேலை, எழுந்து போனாலும் எதுவும் நிற்காது, மாதம் ஒரு டாக்டர் கடிதம் தர வேண்டும் என்றார். ஆறு மாதத்துக்குத்தான் என்றார்.

"மத்தவங்களுக்கெல்லாம் ஒரு வருசம் சார்."

"உன் உடம்பு எப்படின்னு பாக்கணும்ல?"

"அவங்க உடம்பப் பாத்தீங்களா?"

"ஆறு மாசம் வேணுமா, வேணாமா?"

வேண்டும். ஃபார்மை நகர்த்தினார். கீழே, எனக்கு நோய் எதுவும் இல்லை, எதையும் மறைக்கவில்லை என்று உறுதி சொல்லும் வரி அச்சடித்திருந்தது. போன வருடம் படிக்காமல் கையெழுத்துப் போட்ட வரி. அந்த வரியைக் குறுக்கே அடித்துவிட்டு, பக்கத்தில் 'தலசீமியா, தைராய்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"அடிச்சா செல்லாதும்மா. வேற தரேன், நீட்டா போடு."

வேறு தந்தார். அதையும் அடித்தேன்.

"நாளைக்கு நோய மறச்சேன்னு சொல்லித்தான சார் தூக்குவீங்க? இப்பயே எழுதிக்குங்க."

மூன்றாவது ஃபார்மை எடுக்க அவருக்குப் பொறுமை இல்லை. அடித்த இடத்துக்குப் பக்கத்தில் தன் சின்னக் கையெழுத்தைக் கிறுக்கி, முத்திரையைக் குத்தி, ஃபைலுக்குள் சொருகினார்.

"போம்மா. செக்கிங் டேபிள்ல ஆள் இல்ல, போய் உக்காரு" என்றார்.